மூக்கடைப்புக்கு ரேடியோ ஃப்ரீக்வென்சி செய்துகொள்ளலாமா?

ராணிப்பேட்டை நண்பருக்கு, தோல் பதனிடும் ஷெட்டில் வேலை, வருடக்கணக்கில் மூக்கடைப்பு, சொட்டு மருந்து விடாமல் ராத்திரி தூக்கமில்லை, டாக்டர் ‘ரேடியோ ஃப்ரீக்வென்சி’ செய்யலாம் என்கிறார், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தச் சொட்டு மருந்து. சைலோமெட்டாசோலின் வகை என்றால் ஒரு வாரத்துக்கு மேல் விடக் கூடாது. விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். எவ்வளவு காலமாக விடுகிறீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பலர் வாயே திறப்பதில்லை.

சிகிச்சைக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். மூக்கின் உள்பக்கச் சுவரில் டர்பினேட் என்ற சதை மடிப்பு இருக்கிறது. பஞ்சில் மருந்து வைத்து மரத்துப்போகச் செய்து, ஊசி மாதிரி மெல்லிய முனையை அதற்குள் செலுத்தி, ரேடியோ அலையால் சூடேற்றி, வீங்கிய சதையைச் சுருங்க வைப்பார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். முதல் வாரம் வீக்கத்தால் அடைப்பு கூடும், பொருக்கு கட்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைசல் தயாரித்து மூக்கைக் கழுவச் சொல்வார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

ஆனால் மூக்குத்தண்டு வளைவோ, பாலிப் என்கிற சதை வளர்ச்சியோ இருந்தால் இது மட்டும் போதாது. மூக்குக்குள் ஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தார்களா? இல்லையென்றால் வேலூர் சிஎம்சி இ.என்.டி. பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அலர்ஜி என்றால் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் தொடர வேண்டியிருக்கும்.

அப்புறம், ஷெட்டில் துணி மாஸ்க் போட்டாலும் அது ரசாயன நெடியைத் தடுக்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.