பார்சிலோனா மொபைல் காங்கிரசுக்கு முதல் முறை, அதுவும் தனியாக

வணக்கம். சின்ன ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக மொபைல் வேர்ல்டு காங்கிரசுக்குப் போகிறீர்கள், அங்கே யாரை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

2024-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்த மொபைல் துறைக் கண்காட்சி அது. ஃபிரா கிரான் வியா வளாகத்தில் எட்டு அரங்குகள், நடந்தே கால் கழன்றுவிடும். எதிரெதிர்க் கோடியில் இருக்கும் அரங்குகளில் அடுத்தடுத்துச் சந்திப்பு வைக்காதீர்கள். நான் வைத்தேன். வியர்த்து வழியப் போய் நின்றபோது வரச் சொன்னவர் கிளம்பிப் போயிருந்தார்.

பெரிய கம்பெனி ஸ்டால்களில் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் போனைக் காட்ட வந்தவர்கள். முடிவெடுப்பவர்கள் உள்ளறையில் இருப்பார்கள், முன்பே நேரம் வாங்காமல் அங்கே போக முடியாது. அதனால் சில வாரங்களுக்கு முன்பே எழுதிவிடுங்கள். “இணைந்து பணியாற்ற ஆவல்” என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். “உங்கள் போனில் எங்கள் ஆப் பின்னணியில் ஓடாமல் நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் காட்டலாமா?” என்று எழுதிப் பாருங்கள், பதில் வர வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது ஃபோர் இயர்ஸ் ஃபிரம் நவ் என்ற ஸ்டார்ட்அப் பகுதி. அங்கே பல ஸ்டால்களில் நிறுவனரே நிற்பார், கூச்சமில்லாமல் பேசலாம்.

அப்புறம், கடைசி நாள் மதியம் கூட்டம் கலைந்திருக்கும். நாலு நாளாக நின்று அலுத்த ஸ்டால்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். அன்றைக்கே விமானம் போட்டுவிடாதீர்கள். நீங்கள் காட்டப்போகும் ஆப் டெமோ, இணையம் இல்லாமலும் ஓட வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.