பிரஸ் பக்கத்தில் நின்று பாருங்கள்: பணியிடப் பாதுகாப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், இடர் மதிப்பீட்டை, அதாவது எந்த வேலையில் என்ன ஆபத்து, எவ்வளவு ஆபத்து என்ற கணக்கை, எப்படி எழுதுவது என்பது பற்றியவை. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பல வருடங்களாகப் பாதுகாப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எழுதுவதில் யாருக்கும் பெரிய சிக்கல் இருந்ததில்லை. எழுதுவதற்கு முன் வேலை நடக்கும் இடத்தில் போய் நிற்பதைத்தான் விட்டுவிடுகிறோம்.

ஆடிட் வருகிறது. தெரிந்த கம்பெனியின் இடர் மதிப்பீட்டு ஷீட்டை வாங்கி எங்கள் பெயரைப் போட்டு வைத்திருக்கிறோம். எல்லா வரியிலும் மதிப்பெண் 6-க்குள்தான் இருக்கிறது. இது போதுமா சார்?
*மேற்பார்வையாளர், பிரஸ் ஷாப், அம்பத்தூர் தொழிற்பேட்டை*

போதாது. விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1 முதல் 5, நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்பதற்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த மதிப்பெண். அதிகபட்சம் 25. பிரஸ் என்பது தகட்டை அழுத்தி வெட்டும், வளைக்கும் மெஷின். அதில் விரல் போவது நிரந்தர ஊனம். அதன் பாதிப்பு 4-க்குக் கீழே வரவே வராது. அப்படியிருக்க மதிப்பெண் 6-க்குள் எப்படி அடங்கியது? 'கையுறை தரப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதி வாய்ப்பை 1 ஆக்கியிருப்பார்கள். இறங்கி வரும் டையை, அதாவது தகட்டை அழுத்தும் இரும்பு அச்சை, கையுறை நிறுத்தாது. டிரில்லிங் மெஷினில் கையுறையே ஆபத்து. சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் பக்கத்தில் அரை மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். அப்புறம் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த மெஷின் எப்போது தகராறு பண்ணும்? அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆள் குறைவான நாளில் வேலை எப்படி நடக்கும்?

ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். 'பீஸை இடுக்கியால் எடுக்க வேண்டும்' என்று ஷீட்டில் அழகாக எழுதியிருந்தது. இடுக்கி மெஷின் பக்கவாட்டில் ஆணியில் தொங்கியது, அதன் மேல் ஒரு படலம் எண்ணெய்த் தூசி. ஆபரேட்டர் கையாலேயே எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "சார், இந்த ஜாப்புக்கு அது பிடிக்காது. நுனி தடிப்பா இருக்கு, பீஸ் வழுக்குது" என்றார். வாங்கிப் பிடித்துப் பார்த்தேன், எனக்கும் வழுக்கியது. நுனியில் காந்தம் வைத்த கம்பி ஒன்று செய்து கொடுத்தோம். மறு வாரம் போனபோது அது அவர் கையில் இருந்தது, பிடி தேய்ந்து பளபளத்தது. காப்பியடித்த ஷீட்டில் இந்த இடுக்கி விவகாரம் எப்படி வரும்?

எங்கள் முதலாளி நல்ல மனதோடு எல்லா பிரஸ்ஸுக்கும் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை) வாங்கிவிட்டார். இனி பயமில்லைதானே?
*பராமரிப்புப் பிரிவு, திருமுடிவாக்கம்*

அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் முதலில் ஒன்று பாருங்கள்: உங்கள் பிரஸ்ஸில் என்ன கிளட்ச் (சுழலும் சக்கரத்தின் விசையை டைக்குக் கொண்டுபோகும் பாகம்)? பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸாக இருந்தால், ஒரு தடவை கிளட்ச் விழுந்த பிறகு டை ஒரு தடவை இறங்கி ஏறும் ஸ்ட்ரோக் முழுதாக முடியும்வரை அது நிற்காது. ஒளித்திரை கையைக் கண்டுபிடிக்கும், நிறுத்து என்று சொல்லும், மெஷின் கேட்காது. அந்த வகைக்கு நிலையான கூண்டுதான் வழி. தகடு நுழைய வேண்டும், விரல் நுழையக் கூடாது. அவ்வளவு சின்ன இடைவெளிதான் விட வேண்டும்.

ஏர் கிளட்ச், ஹைட்ராலிக் பிரஸ் என்றால் பாதியில் நிறுத்த முடியும், அதனால் லைட் கர்ட்டன் பயன்படும், அதுவும் சரியான தூரத்தில் மாட்டினால் மட்டும். கை நகரும் வேகத்தை வினாடிக்கு 2000 மில்லிமீட்டர் வரை கணக்கில் எடுப்பார்கள். உங்கள் பிரஸ் நிற்க 0.2 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் கை 400 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அதனால் டையிலிருந்து குறைந்தது அவ்வளவு தள்ளித்தான் மாட்ட வேண்டும்; கதிர்களின் இடைவெளியைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கூடும். 'இடம் அடைக்கிறது' என்று டைக்கு ஒரு சாண் தூரத்தில் மாட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பிரேக் தேயத் தேய நிற்கும் நேரமும் கூடும். ஒரு தடவை அளந்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள்.

எங்கள் அடுக்ககத்தில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அது போதுமான சோதனையா?
*குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி*

தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருக்கும். நெருப்பைக் காட்டினால் வெடிக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அளவு 100 பிபிஎம்-ஐ (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் அந்த நிமிடம்தான் உயிர் போகிற நிமிடம். முதல் ஆள் மயங்கியதும் காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் சாகிறார். நம் ஊரில் இந்தச் செய்தியை எத்தனை தடவை படித்துவிட்டோம்!

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. கழிவுநீர் அகற்றும் சேவைக்கான 14420 என்ற எண்ணில் கூப்பிட்டு லாரியை வரவழையுங்கள். குழாய் இறங்கட்டும், ஆள் இறங்க வேண்டாம்.

குடிநீர் சம்ப்பையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெகுநாள் மூடியிருந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். வெளிக்காற்றில் அது 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. மீட்டர் வைத்து அளந்த பிறகுதான் இறங்க வேண்டும், மேலே ஒருவர் கயிறோடு நிற்க வேண்டும். மோட்டாரின் பிளக்கைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள்.

தி.நகரில் துணிக்கடையில் வேலை. காலையிலிருந்து இரவு வரை நிற்கிறேன். கால் வீங்குகிறது, நரம்பு சுருண்டு நிற்கிறது. இதெல்லாம் 'ஆபத்து' கணக்கில் வருமா?
*விற்பனைப் பெண்*

நிச்சயம் வரும் அம்மா. ரத்தம் வந்தால்தான் விபத்து என்றில்லை. மணிக்கணக்கில் நிற்பதால் வரும் வெரிகோஸ் வெயினும் முதுகுவலியும் வேலையால் வரும் பாதிப்புகள்தான். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று ஆக்கினார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்வது உங்கள் உரிமை. ஸ்டூலை மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்தால் அது வசதி ஆகாது. நீங்கள் நிற்கும் கவுன்டருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். காலை மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தால் உங்கள் பகுதி மருந்தகத்துக்குப் போகலாம்.

ஓ.எம்.ஆரில் ஐடி அலுவலகம். எங்களுக்கு இடர் மதிப்பீடு தேவையா?

தேவை. இன்று சாயங்காலம் லிப்ட்டை விட்டுவிட்டு அவசரப் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டி, உடைந்த நாற்காலி, பூட்டிய கதவு என்று எது வழியில் வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

ஒப்பந்தத் தொழிலாளி நான். கிரேன் கயிற்றில் இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. சொன்னால் 'ஒண்ணும் ஆகாது' என்கிறார்கள். அதிகம் பேசினால் வேலை போய்விடும் என்று பயம்.
*மணலி*

உங்கள் பயம் நியாயமானது. தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். முடிந்தால் தேதியோடு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும் கருவிகளைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுதாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்; குற்றம் சொல்வதைவிட அந்தக் கேள்விக்கு மேற்பார்வையாளர் சீக்கிரம் பதில் சொல்வார். அப்படியும் அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்ற பிரிவை, போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள்.

அந்தக் கயிறு மாறும்வரை, தொங்குகிற பாரத்துக்குக் கீழே ஒரு நொடியும் நிற்காதீர்கள். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடமும் கயிற்றைக் காட்டிவிட்டுப் போங்கள்.