விளம்பரத்தில் இரண்டு அம்மாக்கள்: எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிடலாமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் குழந்தைகளுக்கான பருத்தி ஆடை தயாரிக்கிறோம். அப்பா ஆரம்பித்த தொழில், மூன்று வருடமாக விற்பனையை நான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்காக 45 விநாடி விளம்பரம் ஒன்று எடுத்தோம். நான்கு வீடுகள், நான்கு குழந்தைகள். கடைசி வீட்டில் இரண்டு பெண்கள் தங்கள் நான்கு வயது மகனைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டு, எங்கள் சட்டையைப் போட்டுவிடுவார்கள். அவர்கள் நடிகைகள் அல்ல, நிஜமாகவே சேர்ந்து வாழ்கிறவர்கள். இணையத்தில் போட்ட மூன்றாம் நாள் கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். நாகர்கோவில் விநியோகஸ்தர், தங்கள் சபையில் இதைப் பற்றிப் பிரசங்கமே நடந்துவிட்டது, சரக்கைத் திருப்பி அனுப்புகிறேன் என்கிறார். உள்ளூர் கேபிளுக்கும் முன்பணம் கொடுத்திருக்கிறோம். "கேபிளில் அந்த ஒரு வீட்டை மட்டும் வெட்டிவிடு, இணையத்தில் மொத்தமாக எடுத்துவிடு" என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா சொன்னது இருக்கிறது, கமிட்டிக்காரர்கள் சொன்னது இருக்கிறது, விநியோகஸ்தர் சொன்னது இருக்கிறது. அந்த இரண்டு பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்று மாலையே அவர்களிடம் நேரில் பேசுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது அவர்கள் சம்மதித்தது விளம்பரத்துக்கு. முகம் தெரியாத நூறு பேர் குழந்தையின் படத்துக்குக் கீழே கண்டதை எழுதுவதற்கு அல்ல. வீட்டு உரிமையாளர் என்ன சொல்கிறார், பையனின் பள்ளியில் யாராவது ஏதாவது கேட்டார்களா, அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியுமா, விளம்பரத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததா என்று கேளுங்கள். எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் அன்றைக்கே எடுங்கள். அப்படி எடுத்தால் வெளியே சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: "நடித்த குடும்பத்தின் பாதுகாப்பை நினைத்து இந்த விளம்பரத்தை எடுக்கிறோம்." அதில் மன்னிப்பு எதுவும் வேண்டாம். இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால் மேலே படியுங்கள்.

இத்தனை வருடத் தொழிலில் நான் பார்த்தவரை, இப்படிப்பட்ட விஷயத்தில் அதிக அடி வாங்குகிறவர்கள் போட்டுவிட்டு எடுக்கிறவர்கள்தான். அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவின் யோசனை அப்படியே அதில் இருக்கிறது. 2019 டிசம்பர். ஹால்மார்க் என்ற சேனல், கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பப் படங்கள் போடுவதில் பேர்போனது. கல்யாண ஏற்பாடுகளுக்கு உதவும் ஸோலா என்ற நிறுவனம் ஆறு விளம்பரங்களைக் கொடுத்திருந்தது. நான்கில் இரண்டு மணப்பெண்கள் ஒருவரையொருவர் மணந்துகொள்வார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் இயங்கும் அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் பிரிவான ஒன் மில்லியன் மாம்ஸ் கையெழுத்து இயக்கம் தொடங்கியது. சேனல் அந்த நான்கை நிறுத்தியது, மற்ற இரண்டை வைத்துக்கொண்டது. பொதுவெளியில் நெருக்கம் காட்டுவது எங்கள் கொள்கைக்கு ஒத்துவராது என்று காரணம் சொன்னது. ஆணும் பெண்ணும் முத்தமிட்ட விளம்பரத்துக்கு மட்டும் தடை இல்லை. ஸோலா அந்தச் சேனலில் விளம்பரம் தருவதையே நிறுத்திக்கொண்டது. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து புறக்கணிப்புக் குரல் கிளம்பியது. சில நாட்களிலேயே தாய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மைக் பெர்ரி, எடுத்தது தவறான முடிவு என்று மன்னிப்புக் கேட்டார். ஒரே வாரத்தில் இரண்டு தரப்பையும் பகைத்துக்கொண்டாயிற்று.

அதனால் கேபிளுக்கு மட்டும் ஒரு வீட்டை வெட்டுவது வேண்டவே வேண்டாம். நான்கு வீட்டில் மூன்றுதான் வீடு என்று உங்கள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். வெட்டின வடிவத்தையும் வெட்டாத வடிவத்தையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்ப அரை மணி நேரம் போதும். கேபிளில் முழுதாகப் போடுங்கள். இல்லையென்றால் கொடுத்த முன்பணத்துக்கு வெறும் துணியையும் விலையையும் காட்டும் வேறொரு விளம்பரத்தைப் போடுங்கள். இரண்டாவதுதான் என் விருப்பம். கேபிள் விளம்பரங்களுக்கு 1994ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. பார்ப்பவர்களின் ஒழுக்க உணர்வையும் மத உணர்வையும் புண்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் விளம்பரம் அதை மீறவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் புகார் கொடுக்க நினைப்பவருக்கு அந்த வரி ஒரு கைப்பிடி. இணையத்தில் ஒரு வாதம் நடக்கும்போது கேபிளில் இன்னொன்றைத் திறக்க வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது நம் நாட்டிலேயே நடந்தது. 2021 அக்டோபரில் டாபர் நிறுவனம் தன் ஃபெம் முகப்பூச்சுக்காக ஒரு விளம்பரம் வெளியிட்டது. இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி மற்றவளின் முகத்தில் பூச்சைத் தடவிக்கொண்டே, கர்வா சௌத் நோன்பு எதற்கு இருக்கிறாய் என்று பேச்சுக் கொடுப்பாள். வட இந்தியாவில் கணவனின் ஆயுளுக்காக மனைவி இருக்கும் நோன்பு அது. பெரியவர் ஒருவர் வந்து இருவருக்கும் புடவை கொடுப்பார். இரவு இரண்டு பேரும் சல்லடை வழியாக நிலாவைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அப்போதுதான் அவர்கள் இணையர் என்பதே நமக்குப் புரியும். மத்தியப் பிரதேசத்தின் அப்போதைய உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா, திரும்பப் பெறாவிட்டால் சட்ட நடவடிக்கை என்றார். டாபர் எடுத்தது, நிபந்தனையற்ற மன்னிப்பும் கேட்டது. அதோடு யாருக்காவது திருப்தியா? எடுத்ததற்காக வருத்தப்பட்டவர்கள் உண்டு. முகத்தை வெளுப்பாக்கும் பொருளை விற்க இந்தப் பெண்களா கிடைத்தார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது என்பேன்.

அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் சட்டெனத் தெரிகிற ஒன்று அல்ல. அங்கே பலருக்கு உறுத்தியது இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது மட்டும் அல்ல. தாங்கள் அனுசரிக்கும் ஒரு நோன்பை ஒரு நிறுவனம் தன் சரக்குக்காக எடுத்தாண்டது. உங்கள் விளம்பரத்தில் விளக்கேற்றலோ பூஜையோ அந்த வீட்டில் வருகிறதா என்று கடிதத்தில் இல்லை. தலை துவட்டுவதோடு முடிகிறது என்றால் உங்கள் நிலை டாபரைவிட உறுதியானது. கமிட்டிக்காரர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லலாம்: "உங்கள் வழிபாட்டை நாங்கள் தொடவில்லை. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவதைத்தான் காட்டினோம்."

அவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். மேடைக்காகக் கத்துகிறவரும் கடைக்கு வந்து நேரில் வருத்தப்படுகிறவரும் ஒன்று அல்ல. பின்னவர் உங்கள் வாடிக்கையாளர்; அவர் பேரப்பிள்ளைக்கு உங்களிடம்தான் சட்டை வாங்கியிருப்பார். அவர் நம்பிக்கை அவருக்கு உயிர். உட்கார வைத்து, அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுதாகப் பேச விடுங்கள். ஆனால் "நம் புராணத்திலேயே இதெல்லாம் இருக்கே ஐயா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நிறையப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். அவருடைய வேதத்தை அவருக்கே விளக்க நமக்கு என்ன இருக்கிறது? "நீங்கள் வருத்தப்பட்டது எனக்குத் தெரிகிறது. அந்தக் குடும்பமும் நம் ஊர்க் குடும்பம், அதனால் எடுக்க மாட்டேன்." இவ்வளவு போதும். அவர் கோபத்தோடு போகலாம், அது அவர் உரிமை.

மதம் என்றாலே ஒரே குரல் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2004இல் அமெரிக்காவில் யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் என்ற சபையே ஒரு விளம்பரம் எடுத்தது. தேவாலய வாசலில் முரட்டுக் காவலாளிகள் நின்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்புவார்கள், அதில் ஓர் ஆண் இணையும் உண்டு. இயேசு யாரையும் திருப்பி அனுப்பவில்லை, நாங்களும் அனுப்ப மாட்டோம் என்று முடியும். அதை ஒளிபரப்ப மறுத்தவை சிபிஎஸ், என்பிசி என்ற இரண்டு பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள்! விளம்பரம் கொடுத்தது சபை, தயங்கியது வியாபாரம்.

விநியோகஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன். தொழிலுக்கு நிஜமான ஆபத்து அங்கேதான். தொலைபேசியில் பேசாதீர்கள், நாகர்கோவிலுக்கே போங்கள். எத்தனை கடைகள் உண்மையில் சரக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன என்று கடை கடையாகக் கேளுங்கள். பெரும்பாலும் பயம் எண்ணிக்கையைவிடப் பெரியதாக இருக்கும். வேண்டாம் என்ற கடைகளின் சரக்கைப் பில்படி திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். ஒரு சீசன் சரக்கைத் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், அது வேறு. அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபையினர் 1997இலிருந்து 2005 வரை எட்டு வருடம் டிஸ்னியைப் புறக்கணித்தார்கள். டிஸ்னி தாங்கியது. நீங்கள் டிஸ்னி இல்லை, ஆகவே கணக்கு முக்கியம்.

விற்பனை இறங்கினால் உடனே விளம்பரத்தின் தலையில் போடவும் வேண்டாம். ஜேசிபென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடர் 2012இல் அன்னையர் தினத்துக்கு இரண்டு அம்மாக்களையும், தந்தையர் தினத்துக்கு இரண்டு அப்பாக்களையும் தன் பட்டியல் புத்தகத்தில் போட்டது. எதிர்ப்பு வந்தது. அந்த வருடம் விற்பனை கால்வாசி குறைந்ததும் உண்மை. ஆனால் அதே வருடம்தான் நிறுவனம் கூப்பன்களையும் தள்ளுபடிகளையும் நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் போனதற்கு வியாபாரம் தெரிந்தவர்கள் சொல்லும் காரணம் அதுதான். நீங்களும் இந்த வருடம் விலை ஏற்றினீர்களா, கடைகளுக்கான கமிஷனைக் குறைத்தீர்களா என்று பாருங்கள்.

சட்டத்தில் நீங்கள் நிற்கும் இடம் இது. தன்பாலின உறவு குற்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. திருமண உரிமை 2023 அக்டோபர் தீர்ப்பில் கிடைக்கவில்லை. இணையராகச் சேர்ந்து தத்தெடுக்கவும் வழியில்லை. ஆகவே விளம்பரத்திலோ பதிலிலோ "தம்பதி", "தத்தெடுத்த மகன்" போன்ற சொற்களைச் சும்மா போடாதீர்கள். "குடும்பம்" என்று தாராளமாகச் சொல்லலாம். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே மாதத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. எந்தச் சொல் மரியாதையானது என்று சந்தேகம் வந்தால், தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலைப் பாருங்கள். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 299ஆம் பிரிவு. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்பது அதன் மையம். ஆனாலும் புகார் வந்தால் காவல் நிலையத்துக்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

இணையத்தில் கருத்துகளை மொத்தமாக மூட வேண்டாம். எங்கள் நம்பிக்கைக்கு இது ஒத்துவராது என்று எழுதுவதை விட்டுவையுங்கள். மிரட்டலையும் குழந்தையைப் பற்றிய எந்த அசிங்கத்தையும் படம் பிடித்துத் தேதியோடு சேமித்துவிட்டு நீக்குங்கள். 2014இல் ஹனி மெய்ட் பிஸ்கட் நிறுவனத்துக்கு இதே நிலை வந்தது. இரண்டு அப்பாக்கள் ஒரு கைக்குழந்தையோடு வரும் விளம்பரம் அது. வந்த வசவுகளையெல்லாம் அச்சடித்து இரண்டு கலைஞர்களிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு தாளையும் குழலாகச் சுருட்டி, தரையில் நெருக்கமாக நிற்க வைத்துக்கொண்டே போனார்கள். மேலிருந்து பார்த்தால் அந்தக் குழல்கள் "லவ்" என்ற சொல்லாக நின்றன. பிறகு வாழ்த்துக் கடிதங்களையும் அதேபோலச் சுருட்டிச் சுற்றி அடுக்கினார்கள். வாழ்த்து பத்து மடங்கு இருந்தது, தரையே நிறைந்துவிட்டது. அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆனால் நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். அவர்களிடம் பெரிய விளம்பரக் குழு இருந்தது, உங்களிடம் பில் போடும் பெண் இருக்கிறாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன்பு நான் ஆலோசனை சொன்ன ஒரு கடையில் இதுபோல ஒரு விளம்பரத் தகராறு. முதலாளியும் நானும் மாடியில் அறிக்கையின் வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். கீழே கல்லாவில் இருந்த பெண் காலையிலிருந்து தொலைபேசியில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த விளம்பரத்தை அவள் பார்த்ததுகூட இல்லை, யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டு அழுதாள். அது என் தவறு, இன்னும் உறுத்துகிறது. நாளைக் காலை கடை திறந்ததும் எல்லா ஊழியர்களையும் கூப்பிட்டு விளம்பரத்தைப் போட்டுக் காட்டுங்கள். அவர்களிலும் பிடிக்காதவர்கள் இருப்பார்கள், திட்ட வேண்டாம். கல்லாவில் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: "இதைப் பற்றி முதலாளியிடம் பேசுங்கள்" என்று எழுதி, கீழே உங்கள் கைபேசி எண். அப்பாவுடையதையும் சேர்ப்பதா என்று அவரிடமே கேளுங்கள்.