குச்சியை விட்டதும் கலங்கும் தண்ணீர்

கேள்வி: தேவிபட்டினத்தில் குடியிருக்கிறோம். வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கரண்ட் குச்சிகளை விட்டார். சற்று நேரத்தில் பச்சையும் பழுப்புமாகக் கசடு திரண்டது. அவர் கொண்டுவந்த கேன் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இதெல்லாம் பூச்சிமருந்து, டீசல் கழிவு. எங்கள் மின்வேதி மெஷின் எரித்துவிடும்" என்றார். பயந்துபோய் முன்பணம் கொடுத்துவிட்டோம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் பார்த்த கசடு பெரும்பாலும் அந்தக் குச்சியின் இரும்புதான். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து முதலில் பச்சையாகத் திரளும், காற்றுப் பட்டதும் துருவாகிப் பழுப்பு நிறமாகும். உப்பு கூடக்கூட இது வேகமாக நடக்கும். நம் கடற்கரைக் கிணறுகளில் உப்புக்குக் கேட்கவா வேண்டும்! கேன் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால்தான் கலங்கவில்லை. அவர் மறுபடி வந்தால் அதே கேன் தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பைக் கரைத்துவிட்டுக் குச்சியைப் போடச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். அப்புறம் குச்சியைத் துடைத்துப் பாருங்கள், அரித்திருக்கும்.

மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மின்வேதி முறை உண்மையானதுதான். காரைக்குடியில் உள்ள மத்திய ஆய்வு நிறுவனமான சிக்ரி 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே இயங்குகிறது. சாயக் கழிவுநீரில் இரும்பு, அலுமினியத் தகடுகளைக் கரையவிட்டுச் சாயத்தைத் திரட்டிப் பிரிக்கிறார்கள். போரான் கலந்த வைரம் பூசிய மின்வாய்கள், அதாவது கரண்ட் பாயும் தகடுகள், பூச்சிமருந்து, டீசல் போன்ற கரிமக் கழிவுகளையே சிதைத்துவிடும். ஆனால் அவை விலை கூடியவை, ஆள் வைத்துக் கண்காணிக்க வேண்டியவை. உவர்த் தண்ணீரில் மின்சாரம் விட்டால் குளோரினும் உண்டாகும். கரிமக் கழிவு இருந்தால் அதோடு சேர்ந்து குளோரோபார்ம் போன்ற கெடுதலான பொருள்கள் உருவாகலாம். இவ்வளவுக்குப் பிறகும் உப்பு அப்படியே இருக்கும். உங்கள் கிணற்றின் முதல் தொல்லையே அந்த உப்பாகத்தான் இருக்கும்.

முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். கரைந்த உப்புகள் (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், பூச்சிமருந்தையோ டீசலையோ காட்டாது. அந்தச் சந்தேகம் இருந்தால் தனிச் சோதனை கேளுங்கள். டீசல் வாடை அடித்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம். காவிரிக் குழாய்த் தண்ணீர் வந்தால் குடிக்க அதையே பிடித்துக் காய்ச்சுங்கள்.

சரி, முன்பணம். பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீதையும் போன் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். ஆர்டர் ரத்து, பணம் திரும்ப வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.