லட்சியமும் நிச்சயமும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் ‘என் லட்சியம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது பேரில் பாதிப்பேர் மருத்துவர், மீதிப்பேர் மாவட்ட ஆட்சியர். காலாண்டுத் தேர்விலோ பலர் கணக்கில் தேறவில்லை. லட்சியம் உயர்ந்தால் மதிப்பெண் தானே உயரும் என்கிறார்களே?
– ஓர் ஆசிரியர், பாலக்கோடு

பதில்: லட்சியம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு 1967 தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஒரு படி சென்னைக்கும் கோவைக்கும் கிடைத்தது. சேலத்திலிருந்து பிரிந்து இரண்டு வயதே ஆகியிருந்த தருமபுரி மாவட்டத்துக்கு அதுவும் வந்து சேரவில்லை. நாம் வழக்கம்போலக் கேழ்வரகுக் களியையே கிண்டினோம். ஆனாலும் லட்சியத்தையும் நிச்சயத்தையும் தனித்தனியே அளந்து சொன்ன அந்த நேர்மை இன்று நம் பள்ளிக்கூடங்களில் இல்லை.

உங்கள் மாணவர்கள் எழுதியது மூன்று படி. நிச்சயமான ஒரு படி எது என்று கேட்டிருந்தால், பலர் ஓசூர் என்று சொல்லியிருப்பார்கள். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து நிற்பதையும், ஐ.டி.ஐ. முடித்த அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளியாக அதில் ஏறிப் போவதையும் தினமும் பார்க்கும் பையனுக்கு, அந்த வேனில் ஏற இருபடிச் சமன்பாடு தேவையில்லை என்பது நன்றாகத் தெரியும். கட்டுரை நோட்டில் ஆட்சியர், கணக்கு நோட்டில் வேன். இரண்டிலும் அவன் பொய் சொல்லவில்லை.

லட்சியம் மதிப்பெண்ணைக் கொண்டுவரும் என்பது, நான் பல ஆண்டுகளாகச் சண்டை பிடித்துவரும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஊர் ஊராக விற்கும் பாதி உண்மை. மதிப்பெண்ணும் லட்சியத்தைச் செதுக்குகிறது என்பது மீதிப் பாதி. ஆறாம் வகுப்பில் மருத்துவராக இருந்தவன், விடைத்தாள் கட்டு திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் சிறிது இறங்கி, பத்தாம் வகுப்பு முடியும்போது ஏதாவது ஒரு குரூப் கிடைத்தால் போதும் என்ற இடத்தில் வந்து நிற்கிறான். படி, படி என்று அதட்டுகிற நாம், ஏறுவதற்கான படி எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் காட்டுவதில்லை. மருத்துவராக வேண்டுமானால் உயிரியல் படித்து நீட் எழுதியாக வேண்டும். ஆட்சியராவதற்கு ஏதாவதொரு பட்டமும் 21 வயதும் இருந்தால் தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. முதல் வழி பதினைந்து வயதிலேயே குறுகத் தொடங்குகிறது, இரண்டாவது அப்போது தொடங்கவே இல்லை. உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு தெரியும்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020இல் ஒதுக்கப்பட்டதையும், கிருஷ்ணகிரியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததையும் வகுப்பில் யாராவது சொன்னார்களா?

லட்சியத்தைப் பிள்ளையிடம் கேட்காமல் பெற்றோரிடம் கட்டணமாக வசூலித்துக்கொண்டு, ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைத் தாண்டிக் குதித்து, பொதுத்தேர்வுப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருவேற்றிய விடுதிப் பள்ளிகளும் நம் பக்கத்தில் உண்டு. 2017இல் அரசு முதலிடப் பட்டியலை நிறுத்தியபோது இந்தப் பக்கத்தில் நான் மகிழ்ந்து எழுதியதற்காக, ஒரு பள்ளி தன் கால் பக்க விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கான பதில் இவ்வளவு நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நிச்சயம் என்ற சொல்லுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் வேறு பொருள் உண்டு. உன் லட்சியம் என்ன என்று ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள் வீட்டில் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது என்பது தாம்பூலத் தட்டுக்குத் தெரிவதில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டத்தை 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறார்களே, அதில் எனக்குப் பணத்தைவிட ‘உறுதி’ என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. தட்டு மாற்றுவதற்கு முன் தகப்பனிடம் சொல்வதற்கு அந்தப் பெண்ணின் கையில் ஒரு படி இருக்கிறது.

அடுத்த முறை கட்டுரைத் தலைப்பை மாற்றிப் பாருங்கள். அந்த வேலைக்கு எந்தக் குரூப், என்ன தேர்வு, எந்த ஊர்க் கல்லூரி, என்ன செலவு என்று மாணவர்களே விசாரித்து எழுதட்டும். தாள்களைத் திருத்தாமல் எனக்கு அனுப்பிவையுங்கள். தபால் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.