காய்கறி ராமென் கேட்டால் போதுமா?

கேள்வி: அலுவலக வேலையாகப் பத்து நாள் டோக்கியோ போகிறேன். நான்கு வருடமாக வீகன். பால், தயிர்கூடத் தொடுவதில்லை. உடன் வருபவர்கள் மதியம் நூடுல்ஸ் கடைக்குத்தான் போவார்களாம். காய்கறி ராமென் கேட்டு வாங்கினால் பிரச்சினை இல்லைதானே? டிராவல் ஏஜெண்ட் 'வெஜ் உத்தரவாதம்' என்று தனியாக ஒரு தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: ஏஜெண்டுக்குக் கொடுக்காதீர்கள். காய்கறி ராமெனையும் நம்பாதீர்கள்.

கிண்ணத்தின் மேலே என்ன மிதக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. சிக்கல் அடியில், அந்தச் சாற்றில் இருக்கிறது. ராமென் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுப்பது. மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கலந்த ராமென் என்றாலும் அடிச்சாறு அதேதான். 'யாசாய் ராமென்', அதாவது நீங்கள் கேட்கும் காய்கறி ராமென் என்றால் அந்தச் சாற்றின் மேல் முட்டைக்கோஸும் முளைப்பயறும் குவித்துத் தருவார்கள், அவ்வளவுதான்.

சரி, ஊடோன், சோபா என்ற மற்ற நூடுல்ஸ் வகைகள் விற்கும் கடைக்குப் போகலாமா? ஊடோன் என்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மூழ்கவைக்கும் சாறு 'தாஷி'. நம் ஊர் மாசிக் கருவாடு தெரியுமல்லவா? அதே சூரை மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்திக் கட்டையாக்கி, மரச்சீவல் போலச் சீவி வெந்நீரில் போட்டு வடிகட்டுவார்கள். அந்தச் சீவலுக்குக் கட்சுவோபுஷி என்று பெயர். வடித்த நீர் தெளிவாக, தேநீர் நிறத்தில் இருக்கும். மீன் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குளிர்ந்த சோபாவைத் தொட்டுச் சாப்பிடத் தரும் கறுப்புக் குழம்பிலும் இது உண்டு. கித்சுனே ஊடோனில் வரும் பொரித்த டோஃபுவை 'டோஃபுதானே' என்று நினைப்பீர்கள். அதை வேகவைப்பதும் இதே தாஷியில்தான்.

இப்போது அந்த ஏஜெண்ட் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இது எனக்குப் பல வருட எரிச்சல். இவர்களுடைய வழிகாட்டி கடைக்காரரிடம் கேட்பது ஒரே வாக்கியம்: 'நிக்கு நாஷி', இறைச்சி வேண்டாம். கடைக்காரரும் மேலே இருக்கும் பன்றித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார். அவர் கணக்கில் மீன் இறைச்சி இல்லை. சாறு இறைச்சியே இல்லை. ஒருமுறை என் பக்கத்து மேசையில் ஒரு நம்மூர்க் குடும்பம். கிண்ணத்தில் நடுவே இளஞ்சிவப்புச் சுருள் போட்ட வெள்ளை வில்லை ஒன்று. 'முள்ளங்கி போல, சாப்பிடு' என்று அம்மா பையனுக்கு ஊட்டுகிறார். அது நாருதோ, மீனை அரைத்து ஆவியில் வேகவைத்தது. வழிகாட்டி இரண்டடி தள்ளி நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவாதத்தின் லட்சணம் இது.

எந்த உணவில் ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது என்று காட்டும் அலர்ஜி அட்டவணையைக் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஜப்பானில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய பட்டியலில் முட்டை, பால், இறால், நண்டு எல்லாம் உண்டு. தாஷிக்கான சூரை மீன் இல்லை. அந்தக் கட்டாயமும் பொட்டலத்தில் விற்கும் உணவுக்குத்தான், ஓட்டலுக்கு இல்லை. வீகன் உணவுக்கு 2022இல் அரசுத் தரம் ஒன்று வகுத்தார்கள். அதுவும் விருப்பமுள்ளவர் பின்பற்றலாம் என்ற அளவில்தான். ஆக, கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஊடோன் கடைகள் சிலவற்றில் 'கிஜோயு ஊடோன்' என்று இருக்கும். சாறே கிடையாது, வெந்த ஊடோன் மேல் வெறும் சோயா சாஸ், துருவிய இஞ்சி, வெங்காயத்தாள். பெயரளவில் இது உங்களுக்கு ஏற்றது. ஆனால் பல கடைகள் தாஷி கலந்த சோயாவையே ஊற்றிவிடுகின்றன. மேசையில் இருக்கும் புட்டியும் அதுவாக இருக்கலாம். போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'சூப் ஸ்டாக்' என்று சாதுவாகக் காட்டும், அது தாஷிதான். எனவே 'தாஷி இல்லாத சோயாவா?' என்று கேளுங்கள். மேலே மீன் சீவல் தூவியும் தருவார்கள். அதையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவ்வளவும் சரியாக அமைந்தால் எளிமையான, அருமையான சாப்பாடு.

நிம்மதியாக ராமெனே சாப்பிட வேண்டுமா? டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் 'டீஸ் தான்தான்' என்று ஒரு கடை. எள், நிலக்கடலைச் சாறு. கடை முழுக்க வீகன். டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருப்பதால் ரயில் ஏறும் நாளில் போவது வசதி.

மற்ற கடைகளுக்கு, ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் 'இறைச்சி, மீன், முட்டை, பால், மீன் தாஷி எதுவும் சாப்பிட மாட்டேன்' என்று போனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு செலவில்லை. வாயால் கேட்பதானால், 'கட்சுவோ தாஷி ஹைத்தேமாசு கா?' 'ஹைத்தேமாசு' என்று பதில் வந்தால் இருக்கிறது என்று அர்த்தம். பல ராமென் கடைகளில் வாசலிலேயே மிஷினில் காசு போட்டு டோக்கன் எடுக்க வேண்டும். காசு போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.