ரெண்டர் செய்ததும் வீடியோ ஏன் மங்குகிறது?

சிங்கப்பூர் தேக்கா தீபாவளி விளக்குகளை எச்டியில் எடுத்தேன், எடிட்டரில் பளிச்சென்று இருந்தது, ரெண்டர் செய்ததும் (எடிட் செய்ததை ஒரே வீடியோ கோப்பாக்கியதும்) கட்டம் கட்டமாக உடைகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பிட்ரேட், அதாவது ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவுதான் காரணம். இருட்டுப் பின்னணி, நூற்றுக்கணக்கான சின்ன விளக்குகள், கீழே சிராங்கூன் சாலைக் கூட்டம் என்று ஒவ்வொரு ஃபிரேமும் மாறிக்கொண்டே இருப்பதால், குறைந்த பிட்ரேட்டில் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் திணறி முதலில் இருட்டுப் பகுதியில்தான் கை வைக்கும். 1080பி, வினாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்). இந்த மாதிரிக் காட்சிக்கு நான் 16க்குக் கீழே இறங்க மாட்டேன். கோப்பு பெரிதாகும், ஆகட்டும்.

அப்புறம், கேமராவில் 25 ஃபிரேம் என்றால் புராஜெக்டிலும் 25தான். 30க்கு மாற்றினால் எடிட்டர் வினாடிக்கு 5 ஃபிரேமைத் தானாக இட்டு நிரப்பும், நடப்பவர்கள் தத்தித் தத்திப் போவார்கள். (இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை 1/50 வினாடியில் வையுங்கள், விளக்கு மினுமினுப்பை ரெண்டரில் சரிசெய்வது பெரும்பாடு.)

ரெண்டர் செய்த எம்பி4ஐ மறுபடி உள்ளே போட்டு வெட்டுகிறீர்களா? ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் போகும். இடைப்பட்ட கோப்பு வேண்டுமென்றால், தரம் அதிகம் குறையாத புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவில் எடுங்கள். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாகப் போனால் வாட்ஸ்அப் அதை இன்னொரு முறை நசுக்கிவிடும்.